ஆர்கானிக் பால்: கூடுவது எது, குறைவது எது?

கீழ்வானம் (லெஸ்டர், இங்கிலாந்து)

எங்க வீட்டில் தினமும் ஓடும் வழக்கு இது. நான் மாசமா இருக்கேன். அக்கா சென்னையிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "அங்கதான் ஆர்கானிக் பால் தாராளமா கிடைக்குதே, அதையே வாங்கிக் குடி, ஒமேகா-3 ஜாஸ்தியாம்" என்கிறாள். இவர் "பால்னா பால்தான், லேபிளுக்கு எதுக்கு தனியா காசு" என்கிறார். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் அச்சடித்த சத்து அட்டவணையில் கொழுப்பு, புரதம், கால்சியம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். அப்புறம் வித்தியாசம் எங்கேதான் இருக்கிறது? நான் வாங்குவது பச்சை லேபிள், அதாவது பாதிக் கொழுப்பு எடுத்த பால். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுற்றுச்சூழல், மாடுகளின் நலம் எல்லாம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் டம்ளருக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் பேசினால் எனக்கு உதவியாக இருக்கும்.

கொறங்காடு (காங்கேயம் பக்கம்)

அம்மணி, லேபிளை உட்டுட்டு மாடு என்ன தின்னுச்சுன்னு கேளுங்க. மழை பேஞ்சு கொழுக்கட்டைப் புல்லு தளிர்த்த மாசத்துல எங்க கொறங்காட்டுல, அதாவது வேலி கட்டுன மேய்ச்சக் காட்டுல, மேயற மாட்டு வெண்ணெய் மஞ்சளாத் திரளுமுங்க. அதே மாடு சித்திரையில காஞ்ச சோளத்தட்டும் புண்ணாக்கும் தின்னா வெண்ணெய் வெளுத்துப் போயிரும். மாடும் அதேதான், காடும் அதேதான். எந்தக் காலத்துலயும் நான் அந்தக் காட்டுக்கு உரம் போட்டதில்ல. அப்ப நான் சித்திரையில மட்டும் ஆர்கானிக் இல்லாமப் போயிட்டனா?

அசைபோடுவோன் (கால்நடை மருத்துவர், கார்க், அயர்லாந்து)

கொறங்காடு அண்ணன் நாலு வரியில் சொன்னதைத்தான் ஐரோப்பிய ஆய்வுகள் பல பக்கங்களில் சொல்கின்றன. கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அட்டவணை. மொத்தக் கொழுப்பு, புரதம், லாக்டோஸ், கால்சியம் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இல்லை என்பது சரிதான். அவற்றை முடிவு செய்வது பெரும்பாலும் மாட்டின் இனமும் கறவைப் பருவமும். ஜெர்சி மாட்டுப் பாலுக்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டுப் பாலுக்கும் உள்ள வித்தியாசம், ஆர்கானிக்குக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. போதாததற்கு, பால் ஆலையில் கொழுப்பை ஏற்றி இறக்கி ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

வேறுபாடு கொழுப்பின் அளவில் இல்லை, கொழுப்பின் வகையில் இருக்கிறது. பச்சைப் புல்லின் இலையில் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் இருக்கும் கொழுப்பில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அதாவது தாவர வகை ஒமேகா-3. மக்காச்சோளத்திலும் தானியத்திலும் மேலோங்கி நிற்பது லினோலெயிக் அமிலம், அது ஒமேகா-6. மாடு எதை அதிகம் தின்கிறதோ அதன் சாயல் பாலில் இறங்கும். முழுதாக இறங்காது, ஏனென்றால் நடுவில் பெருவயிறு, அதாவது மாட்டின் முதல் இரைப்பை, இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் நிறைவுறாத கொழுப்பைப் பெரும்பாலும் நிறைவுற்றதாக மாற்றிவிடும். தப்பி வருவதுதான் பாலுக்கு. பாதி மாறிய நிலையில் வாக்சீனிக் அமிலம் என்று ஒன்று வெளியேறும். மடியில் உள்ள ஒரு நொதி அதைப் பிடித்து சி.எல்.ஏ. என்கிற இணைவு லினோலெயிக் அமிலமாக ஆக்கும். புல் மேயும் மாட்டின் பாலில் இது கூடுதலாக இருப்பதற்கு இந்தப் பாதைதான் காரணம்.

இனி ஆர்கானிக். ஐரோப்பிய விதிப்படி ஆர்கானிக் கறவை மாட்டின் அன்றாடத் தீவனத்தில், உலர் எடைக் கணக்கில், குறைந்தது 60% புல், உலர்புல், சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) போன்ற நார்த்தீவனம் இருக்க வேண்டும். கறவையின் ஆரம்பத்தில் மூன்று மாதம் மட்டும் அது 50% வரை இறங்கலாம். பருவநிலை இடம் கொடுக்கும்போதெல்லாம் மேய்ச்சலுக்கு விட வேண்டும். ரசாயனத் தழைச்சத்து கிடையாது என்பதால் வயலில் குளோவர் கலந்து விதைக்கிறார்கள். நம்மூர் வேலிமசால் மாதிரி அதுவும் பயறு வகைத் தீவனம். ஆக, பூச்சிமருந்து தெளிக்காததால் ஒமேகா-3 கூடவில்லை. அந்த விதிகள் மாட்டைப் புல்லின் பக்கம் தள்ளுவதால் கூடுகிறது.

2016இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று, பால் பற்றிய 170 ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷனில் வெளியிட்டார்கள். ஆர்கானிக் பாலில் மொத்த ஒமேகா-3 சுமார் 56% அதிகம், சி.எல்.ஏ. 41% அதிகம், ஒமேகா-6 அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வைட்டமின் ஈயும் இரும்பும் சற்று அதிகம். இதற்கு முக்கியக் காரணம் மேய்ச்சலும் பசுந்தீவனமும்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அயோடினும் செலினியமும் ஆர்கானிக் பாலில் குறைவு என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்த வரி செய்தித்தாள் தலைப்புகளுக்குள் நுழையவே இல்லை.

உப்புக்கல் (பெங்களூரு)

டாக்டர், 56% என்பது எதன் மேல் 56%? என்னிடம் இரண்டு ரூபாய் இருந்து மூன்று ரூபாய் ஆனாலும் 50% உயர்வுதான்.

இன்னொன்று, யார் காசில் ஆய்வு நடந்தது? நீங்கள் சொன்ன 2016 ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு ஷீப்ட்ரோவ் அறக்கட்டளையின் பணமும் உண்டு. அது ஆர்கானிக் விவசாய ஆய்வுகளை ஆதரிக்கும் அமைப்பு. 2013இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் அமெரிக்கப் பால் பற்றி பென்புரூக் குழு எழுதியதற்குப் பின்னால் ஆர்கானிக் வேலி (Organic Valley) என்ற ஆர்கானிக் பால் கூட்டுறவு இருந்தது. பணம் கொடுத்தவர் பெயரை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அசைபோடுவோன்

சரியான கேள்வி. நியூகாசில்காரர்களே ஒரு கணக்குக் கொடுத்தார்கள். அரை லிட்டர் முழுக்கொழுப்பு ஆர்கானிக் பாலில் நீள்சங்கிலி ஒமேகா-3, அதாவது மீனில் இருக்கும் வகை, சுமார் 39 மில்லிகிராம். வழக்கமான பாலில் 25. ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் ஆர்கானிக் 16 சதவீதம், வழக்கமானது 11 சதவீதம். வித்தியாசம் 14 மில்லிகிராம்.

நூறு கிராம் மத்தி மீனில் இது ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். அதாவது ஆயிரம் மில்லிகிராம்.

ஆகவே வேறுபாடு உண்மையானது, அளக்கக்கூடியது, பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்தது. நிதி எங்கிருந்து வந்திருந்தாலும் திசை மாறவில்லை. ஆனால் ஒமேகா-3க்காக பாலை நம்புவது சிக்கனமான வழி அல்ல. மீன் சாப்பிடுகிற வீடு என்றால் இந்த 14 மில்லிகிராமை மறந்துவிடலாம்.

கீழ்வானம்

நாங்கள் மீன் சாப்பிடுவோம், வாரம் ஒருமுறையாவது. அக்காவிடம் மத்தி மீன் கணக்கைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் அயோடின் குறைவு என்று ஒரு வரி விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அது எவ்வளவு? எங்கள் மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி பற்றியெல்லாம் பேசினார், அயோடின் பேச்சே எடுக்கவில்லை.

நெல்லைச்சீமை

எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டிய. ஏ2 பால் குடிங்க. நாட்டு மாட்டுப் பால். சீமை மாட்டுப் பால் குடிச்சா சர்க்கரை வியாதி வரும்னு சொல்லுதாவ. ஆர்கானிக்காவது ஒண்ணாவது.

மட்டுறுத்துநர்

நெல்லைச்சீமை, ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசீன் என்ற புரதத்தின் மரபணு வேறுபாடு. மாட்டின் பரம்பரை அதை முடிவு செய்கிறது. தீவனமோ விவசாய முறையோ அதை மாற்றாது. அதற்கென்று ஏற்கெனவே நூறு பக்கம் ஓடிய இழை இருக்கிறது, சண்டையை அங்கே தொடருங்கள்.

அசைபோடுவோன்

கீழ்வானம், உங்கள் கேள்வி இந்த இழையின் மற்ற எதையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

2012இல் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா பாத், மார்கரெட் ரேமன் குழுவினர் பிரிட்டனில் பல இடங்களில் கடைகளில் வாங்கிய கோடைக்காலப் பாலை அளந்து வெளியிட்டார்கள். வழக்கமான பாலில் லிட்டருக்கு 249.5 மைக்ரோகிராம் அயோடின். ஆர்கானிக்கில் 144.5. ஒரு 200 மி.லி. டம்ளருக்குக் கணக்குப் போட்டால் 50க்கும் 29க்கும் உள்ள வித்தியாசம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250.

இங்கே நாட்டைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் அயோடின் உப்பிலிருந்து வருகிறது. பிரிட்டனில் கடை உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை, சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே மக்களுக்கு அயோடின் தரும் முதன்மையான உணவு பால்தான். மீன் அடுத்தது. 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் பிரிட்டனின் 14, 15 வயது பள்ளிச் சிறுமிகளிடம் லேசான அயோடின் பற்றாக்குறை இருப்பது தெரிந்தது. 2013இல் அதே இதழில், பிரிஸ்டல் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வந்த தாய்-சேய் தரவுகளை வைத்து ஒன்று வந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அயோடின் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், எட்டு வயதில் மொழிசார் அறிவுத்திறன் சோதனையில் கீழ்மட்ட மதிப்பெண் பெறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு ஆர்கானிக் பாலைப் பற்றியது அல்ல, அயோடினைப் பற்றியது. இரண்டையும் கோத்து "ஆர்கானிக் பால் குடித்தால் பிள்ளை மந்தம்" என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

ஏன் குறைகிறது? மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. வழக்கமான பண்ணையில் தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் அதிகம், அதோடு தாது உப்புக் கலவையும் அதிகம் போகும், அதில் அயோடின் இருக்கும். ஆர்கானிக்கில் அடர்தீவனம் குறைவு, கூடவே அதுவும் குறைகிறது. அடுத்தது, கிருமி அண்டாமல் இருக்கக் கறவைக்குப் பின் காம்பை நனைக்கும் அயோடின் கரைசல். தோல் வழியாகவும் காம்பிலிருந்தும் கொஞ்சம் பாலுக்குள் போகும். எந்தப் பண்ணை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, அந்தக் குளோவர்தான். வெள்ளைக் குளோவரில் உள்ள சயனைடு சார்ந்த பொருள் மாட்டின் உடலில் தயோசயனேட்டாக மாறி, மடி அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஒமேகா-3ஐக் கூட்டுகிற செடியே அயோடினைக் குறைக்கிறது.

இப்போது உங்கள் பச்சை லேபிளுக்கு வருகிறேன். ஒமேகா-3, சி.எல்.ஏ., வைட்டமின் ஈ எல்லாம் கொழுப்பில் இருப்பவை. அயோடின் இருப்பது நீர்ப்பகுதியில். கொழுப்பைப் பாதி எடுத்தால் ஆர்கானிக்கின் ஆதாயம் பாதியாகிறது, அந்த 14 மில்லிகிராம் ஏழாகிறது. அயோடின் குறைவோ அப்படியே நிற்கிறது. முழுக்கக் கொழுப்பு நீக்கிய பாலில் ஆதாயம் கிட்டத்தட்ட பூஜ்யம், இழப்பு முழுசு. ஆர்கானிக் ஸ்கிம் பாலை சத்துக்காக வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

உங்கள் மிட்வைஃபிடம் அயோடின் பற்றி நீங்களே கேளுங்கள். நீங்கள் எடுக்கும் கர்ப்பகால மாத்திரை அட்டையில் அயோடின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பல மாத்திரைகளில் 140, 150 மைக்ரோகிராம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கடல்பாசி மாத்திரை மட்டும் வேண்டாம். அதில் அளவு கட்டுக்கடங்காமல் போகும், அதிகமானாலும் தைராய்டுக்குக் கேடு.

உப்புக்கல்

ஒரு சின்னக் கணக்கு வேடிக்கை. 249.5இலிருந்து 144.5 என்றால் "ஆர்கானிக்கில் 42% குறைவு". அதையே திருப்பிப் போட்டால் "வழக்கமான பாலில் 73% அதிகம்". 2016 தொகுப்பு ஆய்வில் வந்த அயோடின் எண்ணும் 74தான், அது இந்த இரண்டாவது விதத்தில் சொன்னது. சில கட்டுரைகள் அதை எடுத்து "ஆர்கானிக் பாலில் அயோடின் 74% குறைவு" என்று எழுதின. அப்படியென்றால் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். அது உண்மையல்ல.

பாற்கடல் (கோயம்புத்தூர்)

டாக்டர் சொல்வதில் எனக்கு ஒரு நெருடல். நான் இயற்கை விவசாயம் செய்கிறேன், அதனால் பக்கச்சார்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான பாலில் உள்ள அயோடின், கடையில் வாங்கிய தாது உப்பிலிருந்தும் காம்புக் கரைசலிலிருந்தும் வந்தது. அது பாலின் சொந்தச் சத்தா? சேர்க்கை இல்லாத பாலில் இருப்பதுதானே இயல்பான அளவு? சேர்க்கையை அளவுகோலாக வைத்து இயற்கைப் பாலைக் குறைத்துப் பேசுவது நியாயமா?

அசைபோடுவோன்

நியாயமான கேள்வி, பாற்கடல். ஆமாம், அது சேர்க்கைதான். கீழ்வானம் இருக்கும் லெஸ்டருக்குப் பக்கத்து மாவட்டம் டெர்பிஷர். அங்கே ஒரு காலத்தில் முன்கழுத்துக் கழலை அவ்வளவு சாதாரணம், அந்த நோய்க்கே "டெர்பிஷர் கழுத்து" என்று பெயர். மண்ணில் அயோடின் இல்லை, புல்லில் இல்லை, பாலிலும் இல்லை. அதுதான் அந்த ஊரின் இயல்பான அளவு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாட்டின் நலத்துக்காக, சினை பிடிக்கவும் கறவை கூடவும், தீவனத்தில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் வந்தது. கழலை தானாக மறைந்தது. மனிதர்களுக்காக யாரும் போட்ட திட்டம் அல்ல அது. மாட்டுத் தீவன வியாபாரத்தின் உபயம்.

அயோடின் சேர்ப்பதை ஆர்கானிக் விதி தடுக்கவும் இல்லை. தாது உப்பு அனுமதிக்கப்பட்டதுதான். தேவை என்று முடிவு செய்தால் ஆர்கானிக் பண்ணையும் கொடுக்கலாம். ஐரோப்பாவில் கறவை மாட்டுத் தீவனத்துக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று உச்சவரம்பு மட்டும் உண்டு, அது எல்லாருக்கும் பொது.

வன்னிமகள் (ஓகூஸ், டென்மார்க்)

இஞ்ச கதை வேற. டென்மார்க்கில கடையில விக்கிற பாலில மூன்றில ஒரு பங்கு அளவுக்கு ஓர்கானிக்தான், சிவப்பு எழுத்து போட்ட முத்திரையோட. ஆனா 2000ஆம் ஆண்டில இருந்து வீட்டு உப்புக்கும் பாண் போடுற உப்புக்கும் அயோடின் கட்டாயம். அதால இஞ்ச ஒருத்தரும் பாலில அயோடின் குறைவெண்டு பதறுறேல்ல. தங்கச்சி இங்கிலாந்தில இருக்கிறதாலதான் இது கேள்வி.

மேய்ச்சல் பற்றியும் ஒண்டு சொல்லோணும். இஞ்ச ஓர்கானிக் மாட்டைக் கோடையில குறைஞ்சது 150 நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம் வெளியில விடோணும். சித்திரை மாதத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிருக்குப் பிறகு முதல் தரம் மாட்டைத் திறந்துவிடுற நாள் எண்டு பண்ணையள் எல்லாம் சனத்தைக் கூப்பிடுவினம். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறம். அந்தப் பெரிய மாடுகள் காலைத் தூக்கித் துள்ளுறதைப் பாத்தா சிரிப்பு அடக்கேலாது. ஆனா டொக்டர் சொல்ற மாதிரிப் பாத்தா, தை மாசத்தில கொட்டிலுக்க நிண்டு சைலேஜ் தின்னுற ஓர்கானிக் மாட்டுப் பாலும் ஆனி மாசப் பாலும் ஒண்டில்லைத்தானே?

அசைபோடுவோன்

ஒன்றில்லை, அக்கா. பல ஆய்வுகளில் ஒரே பண்ணையின் கோடைப் பாலுக்கும் குளிர்காலப் பாலுக்கும் உள்ள இடைவெளி, இரண்டு லேபிள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குக் குறைந்ததில்லை. ஆனால் குளிர்காலத்திலும் குளோவர் சைலேஜ் தின்னும் மாட்டுக்கு ஒரு சலுகை உண்டு. சிவப்புக் குளோவரில் உள்ள ஒரு நொதி, இலையின் கொழுப்பு சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் பெருவயிற்றைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதல் ஒமேகா-3 தப்பிவிடும்.

இங்கே நான் இருக்கும் கார்க் மாவட்டத்தில் மூர்பார்க் என்ற அரசு ஆய்வு நிலையம் இருக்கிறது. மாடுகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்று வெறும் புல், ஒன்று புல்லும் குளோவரும், மூன்றாவது கொட்டிலுக்குள் கலப்புத் தீவனம். எதுவும் ஆர்கானிக் இல்லை. மேய்ந்த மாடுகளின் பாலில் சி.எல்.ஏ. இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வெண்ணெய் மஞ்சளாக இருந்தது. கொறங்காடு அண்ணன் சொன்ன அதே மஞ்சள், பீட்டா கரோட்டின். அயர்லாந்தில் சாதாரண விவசாயியே வருடத்தில் பெரும்பகுதி மாட்டைப் புல்லில்தான் விடுகிறார். நியூசிலாந்திலும் அப்படித்தான். அந்த நாடுகளில் ஆர்கானிக்குக்கும் மற்றதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும்.

அமெரிக்கா எதிர்முனை. அங்கே வழக்கமான பண்ணை என்றால் கொட்டிலும் மக்காச்சோள சைலேஜும். ஆர்கானிக் என்றால் 2010 முதல் வருடத்தில் குறைந்தது 120 நாள் மேய்ச்சல், அந்தக் காலத்தில் தீவனத்தின் 30 சதவீதமாவது மேய்ச்சலிலிருந்து வர வேண்டும் என்று விதி. உப்புக்கல் சொன்ன 2013 ஆய்வில் ஒமேகா-6க்கும் 3க்கும் உள்ள விகிதம் வழக்கமான பாலில் 5.8, ஆர்கானிக்கில் 2.28. அதே குழு 2018இல் தானியமே கொடுக்காமல் புல் மட்டும் தின்ற மாட்டின் பாலையும் சேர்த்துப் பார்த்தது. அதில் விகிதம் ஒன்றுக்கும் கீழே, 0.95. அதுவும் ஆர்கானிக், இதுவும் ஆர்கானிக். ஒரே முத்திரைக்குள்ளேயே இவ்வளவு தூரம்.

கொறங்காடு

அதத்தானுங்க மொதல் பதிவுலயே சொன்னேன். டாக்டர் ஊரெல்லாம் சுத்தி எங்க தொட்டிக்கே வந்துட்டாரு.

பாற்கடல்

சரி, கொழுப்பும் அயோடினும் தீவனக் கணக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருக்கக்கூடாதவை? மருந்து எச்சம்? அங்கே இயற்கை முறைக்கு மதிப்பு இல்லையா?

அசைபோடுவோன்

இருக்கிறது. ஐரோப்பாவில் ஆர்கானிக் மாட்டுக்கு நோய் வந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம், ஆனால் பால் ஊற்றக்கூடாத காலம் இரட்டிப்பு. அமெரிக்காவில் இன்னும் கடுமை. ஊசி போட்ட மாடு மறுபடி ஆர்கானிக் பால் தரவே முடியாது, மந்தையை விட்டு வெளியேற வேண்டும். மடிநோய் வந்த மாட்டுக்கு மருந்து கொடுக்கத் தயங்கி இழுத்தடிக்கும் ஆசையை அந்த விதி கிளப்பிவிடும் என்பது என் தொழில்முறைக் கவலை. இரண்டு இடத்திலும் சாதாரணப் பாலும் ஆலைக்குள் போகுமுன் சோதிக்கப்படுகிறது.

நம் ஊருக்கு வந்தால் படம் வேறு. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்து அடுத்த வருடம் முடிவை வெளியிட்டது. ஆன்டிபயாட்டிக் வரம்பு மீறியவை 77. அஃப்ளடாக்சின் எம்1 வரம்பு மீறியவை 368, அதாவது 5.7%. அந்த 368இல் அதிகம் வந்தது தமிழ்நாட்டிலிருந்து, அங்கே எடுத்த 551 மாதிரியில் 88. யூரியா, சோப்புத்தூள் என்று பயந்துகொண்டிருந்த நமக்கு உண்மையான சிக்கல் பூசணமாக இருந்தது. ஈரத்தில் கிடந்த கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் பூக்கும் பூசணத்தின் நஞ்சு அது. மாடு தின்றால் பாலில் வரும். காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு.

இயற்கை முறையில் விளைந்த கடலையின் புண்ணாக்கானாலும் ஈரச் சாக்கில் கிடந்தால் பூக்கத்தான் செய்யும்.

உப்புக்கல்

கீழ்வானத்தின் அக்காவுக்கும் ஒரு தகவல். சென்னையில் "நிலைப்படுத்திய பால்" என்று போட்ட பாக்கெட் வாங்கினால் அது 4.5% கொழுப்பு, 8.5% கொழுப்பற்ற திடப்பொருள் என்று சரிசெய்த பால். ஆயிரக்கணக்கான கறவைகளின் பால் கலந்து, கூட்டிக் குறைத்து வருவது. அதில் எந்தத் தோட்டத்தின் சாயலும் தெரியாது. அவர்கள் பார்க்க வேண்டியது பாலை அல்ல, உப்பை. 2018-19 அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பு பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9%. மாநிலங்களில் கடைசி நாம்தான். இப்போது "ஆரோக்கியத்துக்காக" கல் உப்புக்கும் இந்துப்புக்கும் மாறியவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கட்டும்.

நெல்லைச்சீமை

நெதர்லாந்துல ஆர்கானிக் பால் குடிச்ச பிள்ளையளுக்குத் தோல்ல கரப்பான் (எக்ஸிமா) வரலையாம்லா. படிச்சேன். அதுக்கு என்ன சொல்லுதிய?

உப்புக்கல்

2008இல் வந்த கோவாலா ஆய்வு. பால்பொருள் முழுக்க ஆர்கானிக்காகவே வாங்கிய வீடுகளில், இரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்குக் கரப்பான் வருவது குறைவாக இருந்தது. "வரவில்லை" அல்ல, குறைவு. அப்படி வாங்கும் வீடுகள் வேறு பல விதங்களிலும் வித்தியாசமானவை. ஆய்வாளர்கள் முடிந்தவரை கணக்கில் எடுத்தார்கள், ஆனாலும் பால்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்கானிக் இறைச்சி, காய், பழம் ஆகியவற்றுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை என்பதால் பாலில் ஏதோ இருக்கலாம் என்று ஒரு நூல் தொங்குகிறது, அவ்வளவுதான்.

கீழ்வானம்

என் மாத்திரை அட்டையைத் தேடிப் பார்த்தேன், அயோடின் 150 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. மிட்வைஃபிடமும் கேட்டேன், மாத்திரை போதும், பாலை நிறுத்தாதே என்றார். வழக்கமான பாலே வாங்குகிறோம். இவர் ஜெயித்துவிட்டதாக வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆர்கானிக்கில் வெண்ணெய் மட்டும் வாங்குகிறேன். கொழுப்பில்தானே எல்லாம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, அதுவும் ருசி நன்றாக இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

கொறங்காடு

டாக்டர், ஒரு கேள்விங்க. அம்மணி பிரச்சினை முடிஞ்சுது, என்னுது இருக்குது. மழைக்காலத்துல மிஞ்சற புல்லையும் வேலிமசாலையும் காய வெச்சு வெக்கறேன். அதுல இந்த ஒமேகாவும் மஞ்சளும் நிக்குமுங்களா? இல்ல சைலேஜ் போடறதுதான் மேலா? பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஆளிவிதை வாங்கிப் போட்டா போதும்ங்கறாரு.

அசைபோடுவோன்

வெயிலில் காய வைத்தால் பீட்டா கரோட்டின் பெரும்பகுதி போய்விடும், இலை உதிர்வதோடு ஒமேகா-3யும் நிறையப் போகும். வேலிமசாலில் சத்தெல்லாம் இலையில்தான், காய்ந்ததைக் கட்டும்போது அது தரையில் கொட்டிவிடும். நிழலில் சீக்கிரம் காய வைத்து, காலைப் பனி ஈரம் இருக்கும்போது கட்டினால் இலை கொஞ்சம் தங்கும். சைலேஜ் இதைவிட நல்லது. லேசாக வாட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடுங்கள். வேலிமசாலை மட்டும் போட்டால் சர்க்கரை குறைவு, சரியாகப் புளிக்காது, கெட்டுவிடும். கம்பு நேப்பியரோ சோளமோ பாதிக்கு மேல் கலந்து, கொஞ்சம் வெல்லப்பாகு தெளியுங்கள். மேல்பக்கம் பூசணம் பிடித்த அடுக்கை மாட்டுக்குப் போடாதீர்கள், காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

ஆளிவிதை வேலை செய்யும். உடைத்துப் போட வேண்டும், முழு விதை பாதி சாணியில் வந்துவிடும். ஒமேகா-3 கூடும். ஆனால் எண்ணெய் அதிகமானால் நார் செரிமானம் கெட்டுப் பால் கொழுப்பு இறங்கும். உங்களுக்குச் சங்கத்தில் காசு தருவது கொழுப்புக்கும் திடப்பொருளுக்கும்தான், ஒமேகா-3க்கு யாரும் தரமாட்டார்கள். ஆளிவிதைக்குப் போடும் பணத்தைச் சைலேஜ் குழிக்குப் போடுங்கள்.

கொறங்காடு

அதுஞ் சரித்தானுங்க. குழி எத்தன அடி தோண்டோணும்னு தனிச் செய்தியில கேக்கறேன்.